சம்பந்தியின் படகில் ஒரு சால்மன் காலம்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற பத்திரிகை இது. அதில் நான் ஒவ்வொரு கிழமையும் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொள்வது சரிதானா என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஹம்பேர்க்கில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறேன். போன கிழமை அந்தச் சமையலறையைப் பற்றி எழுதினேன். அது எனக்குத் தெரிந்த இடம். இந்தக் கிழமை எழுதப்போவது மீன்பிடி பற்றி. அதில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசந்தகாலமும் ஒரே ஒரு படகும்தான். கடல் தெரிந்தவர்கள் யாராவது வாசித்தால் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நினைவில் முதலில் வருவது இதுதான். ரூகன் தீவுக்கு வெளியே, ஜெர்மன்காரர் கிழக்குக் கடல் என்று சொல்லும் கடலில், ஒரு சின்னப் படகு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. தூரத்தில் கரையோரச் சுண்ணாம்புப் பாறைகள் வெள்ளையாகத் தெரிகின்றன. படகின் பின்பக்கத்தில் நிற்கும் தூண்டில் தடிகளில் ஒன்று திடீரென்று வளைகிறது. ரீல் கிரீச்சிடுகிறது. நூல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் அந்தத் தடியைத் தாங்கியிலிருந்து இழுத்து எடுத்து, எனக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் நீட்டுகிறேன். அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் மழைச்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.

அவரை அந்த நிலையில் விட்டுவிட்டு, அவர் யார் என்று முதலில் சொல்ல வேண்டும்.

சமன் டின்

அவர் பெயர் கரின். என் மகள் துளசியைக் கட்டப்போகிற டிம்மின் தாய். ரூகன் தீவில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. படகு கணவருடையது.

கரின் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது பூவோ சொக்லேட்டோ கொண்டுவரவில்லை. ஒரு பெரிய மீனைத் தானே புகைபோட்டு, தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். கதவைத் திறந்ததும் விறகடுப்பு வாசம் வீட்டுக்குள் வந்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிதான். நான் காலையிலிருந்து கத்தரிக்காயும் பருப்பும் வடையும் என்று சமைத்து வைத்திருந்தேன்.

சம்பந்தி கொண்டுவந்ததை மேசையில் வைக்காமல் விடுவது எப்படி? நான் அந்த மீனை வெட்டி நடுவில் வைத்தேன். என் கணவர் சுவாமிப் படம் இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையைத் திருப்பிப் போட்டு இரண்டு துண்டு சாப்பிட்டார். நானும் ஒரு துண்டு எடுத்தேன். துளசி எங்கள் இருவரையும் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

சால்மன் என்று கரின் சொன்னபோது எனக்கு ஊர்ச் சமன் டின்தான் ஞாபகம் வந்தது. தகர மூடியில் பெரிய மீன் படம் இருக்கும். உள்ளே இருப்பது வேறு ஏதோ சின்ன மீன். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டினால் ஒரு டின்னில் வீடே சாப்பிடும். உண்மையான சால்மனை நான் கண்டது ஜெர்மனிக்கு வந்த பிறகு, ஆஸ்பத்திரியில். அதுவும் முழு மீனாக அல்ல. எல்லாம் ஒரே அளவாக வெட்டின, உறைந்த துண்டுகள்.

போகும்போது கரின் வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார், மீன் காலம் தொடங்குகிறது, ஒரு சனிக்கிழமை வாருங்கோ என்று. அவர் பேசுவது ஜெர்மன். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது அது என் காதில் எங்கள் பேச்சாகவே விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

இவர் ஒருமுறை வந்தார்

முதல் தடவை நானும் கணவருமாகத்தான் போனோம். இவர் துறைமுகத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறார். கப்பல்களைத் தினமும் பார்க்கிற ஆள் என்பதால், கடல் தனக்குப் பழக்கம் என்ற எண்ணத்தில் இருந்தார். ரயிலில் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். படகில் ஏறின பிறகு ஓரமாகப் பிடித்துக்கொண்டு இருக்கச் சொன்னார்.

படகு துறைமுகச் சுவரைத் தாண்டியதும் அவர் பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் முகம் சாம்பலாகிவிட்டது. கரின் ஒரு வாளியைக் கொண்டுவந்து அவர் கால்களுக்கு நடுவில் வைத்தார். அவர் அன்று முழுவதும் அந்த வாளியோடுதான் இருந்தார். நான் கொண்டுபோன ரோல்ஸை அவர் கண்ணில் காட்டவே முடியவில்லை.

கரைக்கு வந்ததும் என்னிடம் இரகசியமாகச் சொன்னார். "எனக்கு ஏலாதப்பா. சம்பந்தம் உன்ர பக்கமே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் தனியாகப் போனேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ரயில் ஏறினால் மாலையில் தீவுக்குப் போய்விடலாம். கரின் ஸ்டேஷனில் நிற்பார். இரவு அவர் வீட்டில் தங்கி, விடிய எழும்பிப் போவோம். மீன் பிடிக்க இந்த நாட்டில் அனுமதி வேண்டும். வெளியூர்க்காரர் தற்காலிகமாக எடுக்கும் அனுமதி ஒன்றை கரின் எனக்கு எடுத்துத் தந்தார்.

எனக்குக் குமட்டவில்லை. ஏன் என்று தெரியாது. அதற்கு முன் நான் படகில் ஏறினது ஊரில் சண்டைக் காலத்தில் கடல்நீரேரி கடந்தபோதுதான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, யாரும் மூச்சுக் காட்டாமல் இருந்தோம். இங்கே கரினின் படகில் காலை நீட்டி இருந்து கோப்பி குடிக்கலாம். டீசல் மணமும் கோப்பி மணமும் சேர்ந்து வரும். காற்று மூக்கை அறுக்கும். இரண்டு சோடிக் கம்பளிக் கால்மேசு போட்டும் விரல் மரத்துப்போகும். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது. பேசத் தேவையில்லாத இடம் அது. கரினும் பேச்சுக்காரி இல்லை. இரண்டு பேரும் மணிக்கணக்காகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஆஸ்பத்திரியிலோ கல்யாண வீடுகளிலோ பேசாமல் இருந்தால் ஏதோ வருத்தம் என்று கேட்பார்கள். கடலில் யாரும் கேட்பதில்லை.

தடி யாருடையது

கரினின் மீன்பிடி இப்படி. படகு ஆள் நடக்கிற வேகத்தில் ஓடும். பின்னால் ஐந்தாறு தடிகள். ஒவ்வொரு நூலின் முனையிலும் கரண்டி போலப் பளபளக்கிற ஒரு தகடு. நூல்கள் சிக்காமல் இருக்க, சின்னப் பலகைகள் அவற்றை இரண்டு பக்கமும் அகலமாக இழுத்துக்கொண்டு வரும். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். மீன் கடித்தால் ஒருவர் அந்தத் தடியை எடுத்துச் சுற்ற வேண்டும். மற்றவர் வேறு நூல்களை உள்ளே எடுத்துவிட்டு வலையோடு நிற்க வேண்டும்.

தடியை யார் எடுப்பது என்பதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு கடி கரினுக்கு, அடுத்த கடி எனக்கு. எந்தத் தடியில் கடித்தாலும் முறைதான் கணக்கு. அந்த ஒழுங்கைப் படகு வைத்திருக்கும் எல்லோரும் மதிப்பார்கள் என்று கரின் சொன்னார். அவரும் கணவரும் ஒருநாளும் அதை மாற்றினதில்லையாம்.

பிடித்த மீனையும் எல்லாம் வைத்திருக்க முடியாது. சால்மனுக்கு முதுகில், வாலுக்குக் கிட்ட, சுண்டுவிரல் நுனியளவில் ஒரு செட்டை இருக்கும். பண்ணையில் பிறந்து கடலில் விடப்பட்ட மீனுக்கு அதைக் குஞ்சிலேயே வெட்டிவிடுகிறார்கள். செட்டை இல்லாவிட்டால் கொண்டுபோகலாம், அதுவும் ஆளுக்கு ஒன்று. செட்டை இருந்தால் அது ஆற்றில் தானாகப் பிறந்த மீன். தண்ணீரை விட்டு எடுக்காமலே கொக்கியைக் கழற்றி விட்டுவிட வேண்டும்.

இரண்டாம் பயணத்தில்தான் முதல் கடி. அது கரினின் முறை. மீன் பாதியில் கழன்றுவிட்டது. அடுத்தது என் முறை. தடி வளைந்ததும் நான் அதை எடுத்து, இரண்டு கையாலும் கரினிடம் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார். மீன் இழுத்துக்கொண்டிருந்ததால் வாங்கிச் சுற்றினார். அதுவும் போய்விட்டது.

நான் ஏன் கொடுத்தேன் என்று தமிழ் வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் மாப்பிள்ளையின் தாய். நான் பெண்ணைப் பெற்றவள். பந்தியில் அவர் உட்காரும் முன் நான் உட்காரமாட்டேன். காரில் முன் இருக்கை அவருக்கு. அவர் தேத்தண்ணி குடிக்கும்வரை என் கோப்பை மேசையில் இருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த வசந்தகாலம் கிட்டத்தட்ட முழுக்க அவரை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தேன். அப்படி இருக்கையில் அவருடைய படகில், அவருடைய கடலில் வந்த மீனை நான் எப்படி எடுப்பது? யாரும் சொல்லித்தந்து செய்ததல்ல. கை தானாக நீண்டது.

மூன்றாம் பயணத்திலும் அப்படித்தான். நான் கொடுத்த தடியில் அவர் ஒரு பெரிய மீனைப் படகுப் பக்கம் கொண்டுவந்தார். குனிந்து பார்த்தோம். செட்டை முழுசாக இருந்தது. கொக்கியைக் கழற்றியதும் அது கொஞ்ச நேரம் படகோடு சேர்ந்து நின்று, பிறகு இருட்டுத் தண்ணீருக்குள் இறங்கியது. நான் கைதட்டினேன். கரின் கைதட்டவில்லை. அடுத்த முறை நான் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். நான் சிரித்துத் தலையாட்டினேன்.

நாலாம் பயணத்தில் என் முறைக்குக் கடித்தபோது, நான் தடியை அவரிடம் நீட்டினேன். அவர் அதை என்னிடமே திருப்பித் தள்ளினார். உபசாரம் என்று நினைத்து நான் மறுபடி நீட்டினேன். அவர் தள்ள, நான் நீட்ட, அதற்குள் நூல் தளர்ந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரு வெறும் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கரின் நூல்களை எல்லாம் உள்ளே எடுத்தார். இன்னும் மத்தியானம்கூட ஆகவில்லை. படகைத் துறைமுகத்துக்குத் திருப்பினார். இந்த வருடம் மோசம் என்று துறைமுகத்தில் மற்றப் படகுக்காரர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குளிர் நீண்டுபோய்விட்டது, சின்ன மீன் கூட்டம் பிந்திவிட்டது, சால்மன் ஆழத்தில் நிற்கிறது என்றார்கள். கரினின் முகம் வாடியது மீன் இல்லாததால்தான் என்று நான் நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மச்சாளோடு ஒரு சண்டை

இதற்கிடையில் கல்யாண வேலைகளும் நடந்துகொண்டிருந்தன. ஜூலையில் கல்யாணம். பதிவு முதலில், பிறகு மண்டபத்தில் எங்கள் முறைப்படி.

கன்னிகாதானத்தில் நாங்கள் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது, எதிரே மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் இருக்க வேண்டும். கரின் தனி ஆள். எசன் நகரில் இருக்கும் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, போனில் அதைப் பற்றித்தான் கதைத்தா. புருசன் இல்லாத பெண்ணை மணவறையில் இருத்தினால் நாலு பேர் நாலு கதை சொல்லுவார்கள், டிம்முக்கு ஒரு மாமாவும் மாமியும் இருக்கிறார்களே, அவர்களை இருத்துங்கோ என்றா.

மச்சாள் சொல்லுக்கு நான் எதிர்ச்சொல் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். "பெத்தவ உயிரோட இருக்கேக்க வேற ஆளை அந்த இடத்தில இருத்த நான் விடமாட்டன், மச்சாள்."

மச்சாள், "உனக்கு இப்ப நல்லா வாய் வந்திட்டுது" என்றா. ஐயரிடம் கேட்டோம். தாய் இருப்பதில் தனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை என்றுவிட்டார். கரினும் சம்மதித்திருந்தார். மேடையில் இருக்க வேண்டும் என்று துளசி கேட்டபோது, டிம்மின் தகப்பனுக்கும் சேர்த்து இருப்பேன் என்று சொன்னாராம். அதைக் கேட்டு நான் சமையலறையில் தனியாக நின்று கொஞ்சம் அழுதேன். சந்தோசத்தில்தான்.

துளசி சொன்னது

நாலாம் பயணத்துக்குப் பிறகு கரினிடமிருந்து அழைப்பு வரவில்லை. ஒரு சனி போனது. அடுத்த சனியும் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துளசி வந்தாள். மேல்சட்டையைக் கழற்றாமலே சமையலறைக் கதிரையில் இருந்தாள்.

"அம்மா, கரினோட என்ன பிரச்சினை?"

ஒரு பிரச்சினையும் இல்லை, நல்லாத்தானே போகிறது என்றேன்.

"அவ இனி மேடைக்கு வரமாட்டாவாம். ஆக்களோட கீழ இருந்து பாக்கிறன் எண்டு டிம்மிட்ட சொல்லிப்போட்டா."

என் கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன். மச்சாள் ஏதாவது சொன்னாவோ என்றுதான் முதலில் பயந்தேன். ஆனால் மச்சாளுக்கும் கரினுக்கும் பொதுவாகப் பேச ஒரு மொழிகூடக் கிடையாது. துளசி சொன்னது வேறு. கணவர் போன பிறகு கரின் அந்தப் படகில் ஒருவரையும் ஏற்றினதில்லையாம். டிம்மைக்கூட. எங்களைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நானோ தடியைத் தொட்டதும் சுட்டதுபோல் அவரிடமே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"உங்களுக்கு விருப்பமில்லை, கடமைக்கு வாறியள் எண்டு நினைச்சிட்டா. மேடைக்கும் கடமைக்குத்தான் கூப்பிடுறீங்கள் எண்டு நினைக்கிறா."

"நான் மரியாதைக்கெல்லோ பிள்ளை குடுத்தனான்."

"அது எனக்குத் தெரியும். அவவுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் தாறது அவவின்ர முறையில்லை அம்மா. உங்கட முறை. உங்களோட சேர்ந்து பிடிக்கத்தான் அவ கூப்பிட்டது."

நீ அவவிடம் விளக்கிச் சொல்லு என்று கேட்டேன். துளசி எழும்பி மேல்சட்டையின் பொத்தானைப் போட்டாள்.

"நான் சொன்னா நான் சொன்னதாத்தான் இருக்கும். நீங்கள் சொல்லுங்கோ."

கணவர் முன்னறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், துளசி போனபிறகு வந்தார். வாளியோடு இருந்த தன்னைப் பற்றி சம்பந்திக்கு ஒரு சந்தேகமும் வந்திருக்காது, உபசாரம் செய்த உனக்குத்தான் இந்தப் பெயர் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் தடவை நான் எடுத்த போன்

கரினுக்கு நான் ஒருநாளும் போன் எடுத்ததில்லை. எப்போதும் துளசி மூலம்தான். மூன்று நாட்களாக எஸ்-பான் ரயிலில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சொல்ல வேண்டியதை ஜெர்மனில் கோர்த்துக்கொண்டு போனேன். எங்கள் வழக்கம் என்ன, பெண் வீட்டுக்காரர் எப்படி, மரியாதை என்றால் என்ன என்று நீளமாகக் கோர்த்தேன். அவ்வளவும் கரினின் குரலைக் கேட்டதும் போய்விட்டது.

நான் சொன்னது இவ்வளவுதான். காலம் முடியிறதுக்குள்ள இன்னுமொருக்கா வர விருப்பம்.

"ஏன்?" என்று கேட்டார்.

"என்ர முறைக்கு நான் மீன் பிடிக்கேல்லை."

தண்ணீர் சூடாகிக்கொண்டு வருகிறது, மீன் வடக்கே போகத் தொடங்கிவிட்டது, சனிக்கிழமை கடைசி என்றார். வரச் சொல்லவும் இல்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் வெள்ளிக்கிழமை ரயில் ஏறினேன். ஸ்டேஷனில் அவர் நின்றார்.

அன்று இரவு, என் ஜெர்மன் போதுமோ போதாதோ, ஒன்றை மட்டும் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். எங்கட ஆக்கள் நல்லதை மற்றவருக்குக் குடுத்துத்தான் விருப்பத்தைக் காட்டுவினம். வேண்டாத ஆக்களுக்கு நான் ஒண்டையும் குடுக்கமாட்டன். கரின் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே கேட்டார். "அப்ப வாங்கிற ஆள் எப்ப குடுக்கிறது?"

நான் எழும்பிக் கோப்பைகளைக் கழுவினேன்.

கடைசிச் சனிக்கிழமை

அன்று கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் அசையாமல் கிடந்தது. சுண்ணாம்புப் பாறைகளுக்கு மேலே காட்டில் புது இலை வந்திருந்தது. காலையில் கரினின் முறைக்கு ஒரு கடி வந்தது. செட்டை உள்ள மீன். விட்டோம். பிறகு ஒன்றுமே இல்லை. கோப்பி முடிந்தது. ரோல்ஸ் முடிந்தது. துறைமுகத்துக்குத் திரும்புகிற நேரம் வந்துவிட்டது என்று இருவரும் அறிந்தும் சொல்லாமல் இருந்தோம்.

அப்போதுதான் தடி வளைந்தது. நான் தொடக்கத்தில் சொன்ன காட்சி இதுதான்.

சத்தியமாகச் சொல்கிறேன், இந்த முறை நானே பிடிக்க வேண்டும் என்றுதான் ஓடினேன். தடியைத் தாங்கியிலிருந்து எடுத்தது எனக்குத் தெரியும். அதை அவர் பக்கம் நீட்டினது எனக்குத் தெரியாது. அவர் கையைப் பைக்குள் விட்டதைப் பார்த்த பிறகுதான் என் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கண்டேன்.

"கைக்குக் குளிருது" என்றார் கரின். "நீங்களே பிடியுங்கோ."

தடியை என் இடுப்போடு சேர்த்தேன். அந்தப் பக்கம் ஓர் உயிர் இழுப்பது கையில் வந்து அடித்தது. பானையைத் தூக்கிப் பழகின கை என்னுடையது. பாரம் எனக்குப் புதிதில்லை. ஆனால் எந்தப் பானையும் இப்படித் திருப்பி இழுத்ததில்லை. சுற்றினால் நூல் வெளியே ஓடுகிறது. விட்டால் தளர்கிறது. பயத்தில் எனக்கு ஜெர்மன் முழுவதும் மறந்துபோனது. ஐயோ நிக்குதில்லை, போகுது, பிடியுங்கோ, என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கரின் இப்போது பையிலிருந்து கையை எடுத்து மற்ற நூல்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார். நான் தமிழில் கத்துவதற்கெல்லாம் அவர் ஜெர்மனில் ஓம், ஓம் என்று பதில் சொன்னார். என் தடியை மட்டும் அவர் தொடவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலையில் கட்டியிருந்த கம்பளித் துணி கழன்று கழுத்தில் கிடந்தது. மீன் ஒருமுறை தண்ணீருக்கு மேலே முழுசாக எழும்பி விழுந்தது. நான் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் காரணம்.

"பிறகு பாக்கலாம்" என்றார் கரின். "இப்ப சுத்துங்கோ."

சுற்றினேன். அது களைத்துச் சாய்ந்து படகுப் பக்கம் வந்தது. கரின் வலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு குனிந்து முதுகைப் பார்த்தார். அவர் பார்க்கிற நேரத்தில் நான் மூச்சு விடவில்லை. செட்டை இருந்திருந்தாலும் எனக்குக் கவலை வந்திருக்காது என்று இப்போது எழுதலாம். உண்மை அதுவல்ல. எனக்கு அந்த மீன் வேண்டும்போல் இருந்தது.

"வெட்டியிருக்கு" என்றார்.

வலை மேலே வந்தது. என் கை நீளத்துக்கு வெள்ளியாக ஒரு மீன். கரின் அதை ஒரே அடியில் கொன்றார். பிறகு என் முதுகில் கையை வைத்தார். அதோடு எங்களுடைய சால்மன் காலம் முடிந்தது. ஐந்து பயணத்துக்கு ஒரு மீன். மற்றப் படகுக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எனக்கு அது போதும்.

தலை

துறைமுகத்தில் மீன் வெட்டும் மேசை ஒன்று இருக்கிறது. கரின் கத்தியைத் தீட்டி, இரண்டு பக்கத்துச் சதையையும் எலும்பில் ஒட்டாமல் எடுத்தார். பழக்கமான கை. தலையையும் நடு முள்ளையும் எடுத்து, கழிவு வாளிப் பக்கம் கொண்டுபோனார்.

"அது எனக்கு வேணும்" என்றேன்.

அவர் கையில் தலையோடு நின்றார். "தலையா?"

"தலையும் முள்ளும். சதையை நீங்கள் எடுங்கோ."

"திருப்பியும் நல்லதை என்னிட்டைத் தள்ளுறியள்."

"இல்லை" என்றேன். "நல்லதை நான்தான் எடுக்கிறன். அது உங்களுக்குத் தெரியாது."

கரின் என்னையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் படகு கழுவிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தான். தலையைப் பையில் கட்டித் தந்துவிட்டு, சதையிலும் பாதியை வெட்டி என் பக்கம் வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கினேன்.

மேசையைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த மேடையில நான் என்ன உடுத்தவேணும்?"

நான் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பதை நிறுத்தினால் அழுதுவிடுவேன்போல் இருந்ததால் தொடர்ந்து துடைத்தேன்.

"விருப்பமெண்டா சேலை. நான் உடுத்திவிடுவன்."

"குளிராதோ?"

"ஜூலை."

"இஞ்ச ஜூலையையும் நம்ப ஏலாது" என்றார். "சரி. என்ன நிறம்?"

உங்களுக்குப் பிடித்த நிறம், நீங்கள் எடுத்த பிறகு மிச்சத்தில் நான் எடுக்கிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன். மாப்பிள்ளையின் தாய்க்குத்தானே முதல் தெரிவு. கரின் குழாயை மூடிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார்.

"அரக்கு நிறம் எனக்கு" என்றேன். "நீங்கள் பச்சை உடுங்கோ, கரின்."

மறுநாள் மழை பெய்தது. படகை நீரிலிருந்து எடுத்து வண்டியில் ஏற்றினோம். நான் மத்தியான ரயிலில் வீட்டுக்கு வந்தேன்.